மீனின் பண்புகள் ஐந்து எழுதுக: மகள் எழுதிவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன்

வைகைக்கரையாள் (மதுரை) | வெள்ளி, இரவு 9:40

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வாரத் தேர்வில் "மீனின் பண்புகள் ஐந்து எழுதுக" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் எழுதியது இது: மீன் நீரில் வாழும். செவுள்களால் சுவாசிக்கும். உடலில் செதில்கள் இருக்கும். முட்டையிடும். குளிர்ரத்தப் பிராணி.

ஐந்துக்கு ஐந்து. சிவப்பு மையில் ஒரு நட்சத்திரமும் உண்டு.

அன்று இரவே சாப்பிடும்போது வரிசையாகக் கேள்வி. திமிங்கலம் நீரில்தானே வாழ்கிறது, அது மீனா? இறாலும் மீன் கடையில்தானே விற்கிறது, அது மீனா? விலாங்கு பாம்பு மாதிரி இருக்கிறதே, அது என்ன? நான் அவசரத்தில் "விலாங்கு ஒரு வகைப் பாம்பு, நட்சத்திர மீன் ஒரு வகை மீன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு தேடிப் பார்த்தால் இரண்டுமே தலைகீழ்.

அவளை மீன் வரையச் சொன்னால் ஓர் எலுமிச்சம்பழம் வரைந்து பின்னால் முக்கோணம் ஒட்டுகிறாள். நானும் அந்த வயதில் அதைத்தான் வரைந்தேன். இன்றைக்கு வரையச் சொன்னாலும் அதைத்தான் வரைவேன். வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு வைக்கும் வீடு இது!

மனப்பாடம் இல்லாமல் இந்த வயதுக் குழந்தைக்கு மீனைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடலோரத்தான் (தூத்துக்குடி) | வெள்ளி, இரவு 10:25

அக்கா, புத்தகத்தை மூடிவிட்டு மகளை மீன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்குவதற்காக மட்டும் போகாதீர்கள். காலையில் கூட்டம் குறைந்த பிறகு போனால் விற்கிற அம்மாவுக்கும் பேச நேரம் இருக்கும்.

பெயர் கேட்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மீன் சென்னையில் வஞ்சிரம், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். பெயரில் ஆரம்பித்தால் குழந்தை பெயரோடு நின்றுவிடும். வாயில் ஆரம்பியுங்கள்.

திருக்கையைப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். வாய் அடிவயிற்றுப் பக்கம் இருக்கும். தரையில் கிடக்கும் சிப்பியையும் நண்டையும் தின்கிற மீனுக்கு வாய் வேறெங்கே இருக்கும்? கண் மட்டும் முதுகுப் பக்கம். நாக்கு மீனில் இன்னும் வேடிக்கை: இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் நகர்ந்து வந்துவிடும். அதன் பிறகு அது மண்ணில் ஒருக்களித்துப் படுத்தே காலத்தை ஓட்டும். என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று தன் கண் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது செவுள். சங்கரா வாங்கினால் அதை அவள் கையால் தூக்கிப் பார்க்கட்டும். மூடிக்கு அடியில் சீப்புச் சீப்பாகப் பக்கத்துக்கு நான்கு அடுக்கு இருக்கும். எண்ணச் சொல்லுங்கள். சுறாவுக்கு மூடியே கிடையாது. கத்தியால் கீறியதுபோல ஐந்து வெட்டு தெரியும்.

சுறாத் தோல் கிடைத்தால் தலையிலிருந்து வாலுக்குத் தடவச் சொல்லுங்கள். பிறகு வாலிலிருந்து தலைக்கு. உப்புத்தாளைத் தேய்த்ததுபோல இருக்கும். அது முழுக்கப் பொடிப்பொடிப் பல் மாதிரியான அமைப்பு. பத்து வரி விளக்குவதை அந்த ஒரு தடவல் சொல்லிவிடும்.

---

குளக்கரைவாசி (கும்பகோணம்) | சனி, காலை 6:10

மீன் கடைக்குப் போங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது, தம்பி. எங்கள் வீட்டில் மீன் வாங்கும் வழக்கமில்லை. அதற்காக என் பேத்தி மீன் பார்க்காமல் வளர்ந்துவிடவில்லை.

கோயில் குளம் இருக்கிறது. இரண்டு ரூபாய்ப் பொரி வாங்கிக்கொடுத்துப் படியில் உட்கார வைத்துவிடுவேன். பொரி போடுவதற்கு முன்பே, நாங்கள் படியில் இறங்கும் அதிர்வுக்கே மீன்கள் வந்துவிடும். எந்த மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது, எது வராமல் அடியிலேயே நிழலாகச் சுற்றுகிறது, எது பொரியைக் கவ்வித் துப்பி மறுபடி கவ்வுகிறது என்று அவளே கவனித்துச் சொல்வாள். பொரியைப் பெரிய மீன் தின்பதற்குள் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து சிதறடிக்கும். அதைப் பார்த்துத்தான் அவளுக்குச் சிரிப்பு அதிகம்.

கண்ணிமைக்காமல் இருப்பதையும் காட்டினேன். மீன் தன் முட்டையைக் கண்ணாலேயே பார்த்துப் பொரிக்கும், அதனால்தான் அம்பாளுக்கு மீனாட்சி என்று பெயர் என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அதை அறிவியல் நோட்டில் எழுதிக்கொண்டு போக, ஆசிரியை அந்த வரியை அடித்துவிட்டுத் 'தவறு' என்று எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு அது வருத்தம்தான்.

---

ஓய்வாசிரியர் (மன்னார்குடி) | சனி, காலை 8:32

முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆசிரியை அந்த வரியை அடித்தது சரி. 'தவறு' என்று ஒரே சொல்லில் முடித்ததுதான் போதாது. மீன் பார்வையால் முட்டை பொரிப்பதில்லை. முட்டை பொரிவதற்கு வேண்டியது நீரின் வெப்பமும் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும். பெரும்பாலான மீன்கள் முட்டையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. மீன் பார்த்தும், ஆமை நினைத்தும், பறவை தொட்டும் குஞ்சு பொரிக்கும் என்பது குரு சீடனுக்கு அருளும் வழிகளுக்குச் சொன்ன உவமை. உவமையின் இடத்தில் அது அழகு. அறிவியல் நோட்டுக்குள் வந்தால் பாவம், அதற்கும் கஷ்டம், குழந்தைக்கும் கஷ்டம்.

ஆனால் அந்த உவமையைச் சொன்னவர்கள் குளத்தைப் பார்க்காதவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது என்பது கண்கூடு. விரால் தன் முட்டையையும் குஞ்சுகளையும் விட்டு அகலாது என்பதும் கண்கூடு. செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வரும். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். கையை விட்டால் கடிக்க வரும். கரையில் நிற்பவனுக்கு அது வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். பேத்தியிடம் இரண்டையும் சொல்லுங்கள், இரண்டையும் தனித்தனியாக.

இனி மதுரை அம்மாவின் கேள்வி. முதுகெலும்பு, செவுள், துடுப்பு இந்த மூன்றும் வாழ்நாள் முழுக்க இருந்தால் மீன் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலாங்கு மீன்தான். கடல் குதிரையும் மீன்தான். அதில் ஆண்தான் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமக்கும். நட்சத்திர மீன், சொறிமீன், கணவாய், இறால் எதற்கும் முதுகெலும்பு இல்லை. திமிங்கலத்துக்கும் ஓங்கில் என்ற டால்பினுக்கும் நுரையீரல் உண்டு, குட்டிக்குப் பாலும் கொடுக்கும். இதைக் கண்ணால் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: மீனின் வால் செங்குத்தாக நின்று இடம் வலமாக அடிக்கும். திமிங்கலத்தின் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழுமாக அடிக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு இது போதும். இரண்டு கையை வைத்துச் செய்து காட்டிவிடலாம்.

பழி கொஞ்சம் நம் மொழி மேலும் இருக்கிறது. தமிழில் மீன் என்றாலே விண்மீனும்தான். அப்படியிருக்க 'நட்சத்திர மீன்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு குழந்தையைக் குழப்பம் இல்லாமல் இருக்கச் சொல்வது நியாயமா!

அந்த ஐந்து பண்புகளையும் பற்றி மாலையில் எழுதுகிறேன். ஐந்துமே தகராறு.

---

குளக்கரைவாசி | சனி, காலை 9:05

கோபமில்லை. விரால் காவல் நிற்பதை நானும் சிறு வயதில் வாய்க்காலில் பார்த்திருக்கிறேன். அந்தக் குஞ்சுப் பந்தைப் பார்த்துக் குங்குமம் கொட்டிவிட்டது என்று நினைத்தோம். இதைப் பேத்திக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் பாருங்கள்.

---

தொட்டிக்காரன் (சென்னை) | சனி, மதியம் 1:15

கொளத்தூர் பக்கம் வீடு. தெருவுக்குத் தெரு வண்ண மீன் கடை இருக்கும் ஊர். என்னிடம் யோசனை கேட்டால் ஒரு தொட்டி வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

மகனின் ஆறாவது பிறந்தநாளுக்கு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன் வாங்கிவந்தேன். நான்காம் நாள் தண்ணீர் கலங்கியது. சுத்தம் செய்கிறேன் என்று மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு நேராகக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். மாலைக்குள் இரண்டும் மிதந்தன. குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் செவுளை அரித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. மகன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, பழைய தண்ணீரில் கால் பங்கை மட்டும் மாற்றுகிறோம். தங்கமீனுக்குக் கிண்ணம் ஆகாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அது நன்றாக வளரும் மீன், நிறையக் கழிவும் விடும்.

கற்றுக்கொள்ள எளிது கப்பி. முட்டையிடாது, குட்டி போடும். ஒரு காலையில் மகன் எழுந்து பார்த்தபோது தொட்டி மூலையில் கண்ணும் வாலுமாகப் பதினேழு பொடிகள். எண்ணினான், பதினேழு. மாலையில் பதினொன்று. மீதி ஆறு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. தாயே தின்றுவிட்டது என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று மனைவி இன்றுவரை சொல்கிறாள்.

இன்னொன்று. மீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்று யாரோ கிளப்பிவிட்டது சுத்தப் பொய். நான் தீனி டப்பாவை எடுத்தால் எங்கள் தொட்டி முழுக்க அந்த மூலைக்கு ஓடிவருகிறது. மனைவி உப்பு டப்பாவை எடுத்தால் வருவதில்லை.

---

கரும்பலகை (ஈரோடு) | சனி, மாலை 4:50

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் முப்பத்தெட்டு பேர். தொட்டி வைக்கச் சொல்பவர்கள் நீண்ட விடுமுறைக்கு யார் வந்து தீனி போடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருமுறை வைத்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து நானே வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். அதற்குப் பிறகு வைக்கவில்லை.

இப்போது நான் செய்வது களிமண் விளையாட்டு. கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று மீன்களின் படத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைவேன். வளர்ப்புக் குளங்களில் சேர்த்து விடும் மீன்கள் இவை. மேட்டூர், பவானிசாகர் மீன்கள் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வருவதால் பிள்ளைகளுக்குப் பழக்கமானவையும்கூட. பெயரைச் சொல்ல மாட்டேன். "வாயைப் பார், சாப்பாட்டு இடத்தைச் சொல்" என்பேன். கட்லாவின் வாய் அகன்று மேல்நோக்கி இருக்கும், அது நீரின் மேல்மட்டத்தில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும், அது அடிச்சேற்றில் மேயும். ரோகு நடுவில். ஒன்றின் சோற்றில் ஒன்று கை வைக்காது என்பதால்தான் மூன்றையும் ஒரே குளத்தில் வளர்க்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் புல்லரிக்கும்.

அதன் பிறகு களிமண்ணில் ஆளுக்கொரு மீன் செய்ய வேண்டும். எப்படிப்பட்ட மீன் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அது எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, யாரிடமிருந்து தப்பிக்கிறது என்று சொல்ல வேண்டும். போன வருடம் ஒருவன் உருண்டையாகச் செய்து, கண்ணே வைக்காமல் கொண்டுவந்தான். மறந்துவிட்டாயா என்றேன். "இல்லை டீச்சர், இது கிணற்றுக்கு அடியில் இருட்டில் இருக்கும் மீன்" என்றான். நிலத்தடி நீரில் வாழும் கண்ணில்லாத மீன்கள் கேரளத்தில் உண்மையிலேயே கிணறுகளில் கிடைத்திருக்கின்றன. அவனுக்கு அது தெரியாது. எனக்குத்தான் கை நடுங்கிவிட்டது.

ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து பண்புகளையும் உடைக்கப் போகிறேன் என்கிறீர்கள். முதலில் விதி, பிறகுதான் விலக்கு. விதியே பதியாத குழந்தையிடம் விலக்கைக் கொட்டினால் தேர்வில் ஒன்றும் எழுத வராது. திருத்துகிறவள் நான்.

---

ஓய்வாசிரியர் | சனி, இரவு 7:20

டீச்சர் சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குச் சண்டை போடுவேன்.

'மீன் முட்டையிடும்' என்பது நூற்றுக்குப் பெரும்பகுதி சரி. அதை மாற்ற வேண்டாம். ஆனால் கப்பி குட்டி போடுகிறது, பால் சுறாவும் குட்டி போடுகிறது என்பதைக் குழந்தை தொட்டியிலோ கடையிலோ பார்த்துவிட்டு வந்து கேட்டால், "பாடத்தில் இல்லை" என்று வாயை அடைத்துவிடக் கூடாது. விதி என்பது எண்ணிப் பார்த்துச் சொன்னது, மேலிருந்து இறங்கி வந்ததில்லை என்று குழந்தைக்குத் தெரிய வேண்டாமா? நான் எட்டாம் வகுப்பில் அதைச் செய்தேன். மூன்றாம் வகுப்பில் செய்யலாமா என்பது டீச்சருக்கே தெரியும்.

செதில்: கெளுத்திக்குச் செதிலே இல்லை. சாவாளைக்கும் இல்லை.

குளிர்ரத்தம்: சூரை மீன் விடாமல் நீந்தும்போது தசையில் உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் உடம்புக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள கடல்நீரைவிட அதன் உடல் சூடாக இருக்கும்.

செவுள்: எனக்கு மிகவும் பிடித்தது இது. விராலுக்குச் செவுள் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. தலைக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் தனி அறை இருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் மீனாக இருந்தும் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கடையில் விராலை மட்டும் அரை அடித் தண்ணீரில் உயிரோடு வைத்து விற்க முடிவதும் இதனால்தான்.

நீரில் வாழும் என்பதற்குப் பனையேறிக் கெண்டை. குளம் வற்றினால் செவுள் மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி ஊன்றி அடுத்த குளத்துக்கு நடந்துவிடும். நம் பக்கத்துத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் டால்டார்ஃப் என்பவர் இது பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுத, 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. பறவை தூக்கிப்போன மீன் மரத்தில் சிக்கியிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். மரம் ஏறுகிறதோ இல்லையோ, தரையில் நடப்பதை மழைநாளில் வரப்பில் நானே பார்த்திருக்கிறேன்.

தரங்கம்பாடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கிருந்த ஜான் என்ற மிஷனரி நம் கரை மீன்களைப் பிடித்து ஜெர்மனியில் பிளாக் என்ற மீனியலாளருக்கு அனுப்பிவந்தார். கத்தாளை இனம் ஒன்றுக்கு பிளாக் 1793-ல் 'ஜானியஸ்' என்று அவர் பெயரையே வைத்தார். அதில் ஒரு மீனுக்கு அறிவியல் பெயர் 'ஜானியஸ் கருட்டா'. கருட்டா என்பது வேறொன்றுமில்லை, நம் 'கருத்த கத்தாளை'யின் 'கருத்த'. லத்தீன் பெயர் என்று பயந்துகொண்டிருந்த பையன்கள் இதைக் கேட்டதும் பெஞ்சைத் தட்டினார்கள்.

---

கல்லடியான் (மட்டக்களப்பு) | சனி, இரவு 9:55

வணக்கம். நீங்கள் செவுள் என்பதை எங்கள் பாடப்புத்தகத்தில் பூ என்றும், அதை மூடியிருப்பதைப் பூமூடி என்றும், துடுப்பைச் செட்டை என்றும் படித்தோம். வீட்டிலும் அதே சொல்தான். சந்தையில் அம்மா மீனின் பூவை விரித்துப் பார்த்து, சிவப்பாக இருந்தால்தான் கூடையில் போடுவார். பூ என்று கேட்டுவிட்டுத் திறந்து பார்க்கும் பிள்ளைக்கு அதன் வடிவம் மறக்காது. உங்கள் வஞ்சிரம் எங்களுக்கு அறக்குளா.

எங்கள் ஊரை மீன் பாடும் தேன்நாடு என்பார்கள். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் விட்டு அதன் மறுமுனையைக் காதில் வைத்தால் வாவியின் அடியிலிருந்து ஓசை கேட்கும் என்பது பரம்பரைப் பேச்சு. பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. மீன் பேசாது என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

---

கடலோரத்தான் | ஞாயிறு, காலை 5:40

கல்லடி அண்ணன் சொன்னது சரி. வலையில் ஏறிய கத்தாளை கொர் கொர் என்று சத்தமிடும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து எழுப்பும் ஓசை அது, மத்தளம் மாதிரிதான். அந்தக் காற்றுப்பையைக் கரையில் நெட்டி என்போம். கூறல் மீனின் நெட்டிக்குக் கிடைக்கும் விலையைக் கேட்டால் மீனைச் சும்மா கொடுக்கிறார்களோ என்று தோன்றும். கத்தாளைத் தலையைக் குழம்பில் போட்டால் வெள்ளைக் கல் இரண்டு பல்லில் தட்டுப்படும், பார்த்திருப்பீர்கள். அது காதுக்கல். அதைச் சீவி நுண்ணோக்கியில் வைத்து, மரத்துக்கு எண்ணுவதுபோல வளையம் எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள். மகளுக்கு அந்த இரண்டு கல்லையும் கழுவி ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுங்கள்.

மூன்று எச்சரிக்கை. கெளுத்தியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். முதுகிலும் பக்கவாட்டிலும் இருக்கும் முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்கும். பேத்தை ஊதிப் பந்தாகும், பார்க்க வேடிக்கைதான், ஆனால் அது நஞ்சு, தொட்டால் கையைக் கழுவ வேண்டும். காய்ந்த கடல் குதிரையை யாராவது பொம்மை மாதிரி நீட்டினால் வாங்காதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. சாவிக் கொத்தில் மாட்டுகிற பொருள் இல்லை.

---

வைகைக்கரையாள் | ஞாயிறு, மதியம் 12:30

போய்விட்டு வந்தோம்.

காலை பத்தரைக்கு மேல் போனதால் கடைக்கார அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு இருந்தது. சங்கராவின் செவுள் மூடியை மகளே தூக்கினாள். நான்கு அடுக்கு. அக்கா பக்கத்துத் தட்டில் இருந்த முந்தின நாள் மீனையும் திறந்து காட்டினார். அது பழுப்பாகக் கிடந்தது. "இதை உன் அம்மாவுக்கு விற்க மாட்டேன், உனக்குப் பாடத்துக்குக் காட்டுகிறேன்" என்றார். அந்த வாசனையில் மகள் மூக்கைப் பொத்தினாளே தவிரக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு விரால் தொட்டி. அலுமினிய அண்டாவில் ஏழெட்டு கிடந்தன. ஒன்றை மட்டும் குறி வைத்துக்கொண்டு என் கைப்பேசியில் நேரம் பார்க்கச் சொன்னாள். அசையாமல் அடியில் கிடக்கும். திடீரென்று தலையைச் சாய்த்து மேலே வந்து 'ப்ளக்' என்று ஒரு வாய் காற்று, உடனே கீழே. ஒரு குமிழி மட்டும் மேலே நிற்கும். நான்கு முறை வரும்வரை நின்றோம். அதற்குள் எனக்குக் கால் வலி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் விடைத்தாளை எடுத்து அந்த ஐந்து வரிகளுக்குப் பக்கத்திலும் பென்சிலால் 'ஆனால்' என்று எழுதிக்கொண்டாள். மூன்றுக்கு மீன் பெயர் போட்டுவிட்டாள். டீச்சர் அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், நட்சத்திரத்தின் மேல் எதுவும் எழுதவில்லை. இன்றைக்கு வரைந்த மீனில் எலுமிச்சம்பழம் இல்லை. நீளமாக, பெரிய வாயோடு, தலைக்கு மேலே ஒரு குமிழியோடு இருக்கிறது.

ஒரே சிக்கல். அவள் குறி வைத்த அந்த விராலை வெட்டவிட மாட்டேன் என்று கடையிலேயே அழுகை. கடைசியில் உயிரோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது குளியலறையில் வாளியில் இருக்கிறது. இதை என்ன செய்வது?

---

தொட்டிக்காரன் | ஞாயிறு, மதியம் 12:41

முதலில் வாளியை மூடுங்கள்! விரால் துள்ளும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருக்கட்டும், மூடியில் ஓட்டை இருக்கட்டும், மேலே கனமாக ஏதாவது வையுங்கள்.

---

கரும்பலகை | ஞாயிறு, மதியம் 12:58

கோபமில்லை. அந்த 'ஆனால்' போட்ட தாளைப் படமெடுத்து இங்கே போடுங்கள், என் வகுப்பில் காட்ட வேண்டும். முழுப் பரீட்சையில் மட்டும் 'ஆனால்' வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

---

ஓய்வாசிரியர் | ஞாயிறு, மதியம் 1:20

விரால் நம் ஊர் மீன். நோய், புண் எதுவும் இல்லாமல் இருந்தால், உரியவர்களிடம் கேட்டுவிட்டு ஊர்க் கண்மாயில் விடலாம். ஆனால் அது மற்ற மீன்களைத் தின்கிற மீன். குத்தகைக்கு மீன் வளர்க்கிற குளத்தில் விட்டால் உங்களைத் தேடி வருவார்கள். மகளே தன் கையால் விடட்டும்.

சென்னைத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தொட்டி மீனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குளத்தில் விடாதீர்கள். 1952-ல் ஜிலேபிக் கெண்டையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்க மீன். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் பெருகிக்கொண்டே போகும். இன்று அது இல்லாத குளத்தைக் காட்டச் சொன்னால் நான் திணறுவேன்.

---

வைகைக்கரையாள் | ஞாயிறு, மதியம் 1:34

அடுத்த சனிக்கிழமை என் அம்மா ஊருக்குப் போகிறோம். அங்கே கண்மாய் இருக்கிறது, குத்தகை இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அதுவரை ஆறு நாள். வாளி மூடியின் மேல் ஐந்து லிட்டர் குக்கரை வைத்திருக்கிறேன். மகள் அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். குளிக்கத்தான் யாருக்கும் வழியில்லை.